சிந்துஜா, தினம் ஐந்து மணி நேரம்

கார்வேந்தனுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது அவனைத் தவிர அந்த வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் பதித்த திரையில் அந்த எண் ஓடிக்கொண்டிருந்தது. மல்லாந்து படுத்திருப்பவன் கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் அது கண்ணுக்கு எட்டாது. முதுகெலும்பில் நான்கு திருகாணி போட்டிருந்ததால் அவன் வளைக்கவும் கூடாது.

"இப்ப எத்தனைங்க?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டான்.

ஆப்பிளும் பிஸ்கட்டும் கொண்டுவந்த சொந்தக்காரர்கள் கட்டிலை நெருங்கியதும் முதலில் அண்ணாந்து திரையைத்தான் பார்த்தார்கள். நலம் விசாரித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். "நாப்பத்தி மூணுதானுங்களா? எங்க மச்சானுக்குக் குடலிறக்கத்துக்கே அம்பத்தெட்டு வரைக்கும் போச்சுங்க" என்று பெரியம்மா மகன் சொல்லிவிட்டுப் போனார். கேட்டதும் கார்வேந்தனுக்கு எதிலோ தோற்றுப்போன மாதிரி இருந்தது. வலியில்கூட நம் ஆட்கள் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காமல் இருப்பதில்லை.

அந்த எண்ணைத் தருவது நோமானி. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஒரு வில்லை; நெற்றிப் பொட்டைவிடச் சற்றுப் பெரிது. உடம்பிலிருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தியை நரம்பிலேயே ஒட்டுக்கேட்டு, பூஜ்யத்துக்கும் நூற்றுக்கும் நடுவில் ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். எண் ஐம்பதைத் தாண்டினால் கட்டிலோரம் நிற்கும் துளிப்பெட்டி 'டிக்' என்று ஒரு துளி மருந்தை ரத்தத்தில் இறக்கும். மருந்து மார்ஃபினின் பேத்தி முறை. பாட்டியின் சுபாவம் முழுக்க அதற்கும் உண்டு. வலியைத் தூக்கிக்கொண்டு போகும், கொஞ்ச நாளில் ஆளையும் தூக்கிக்கொண்டு போகும். அதனால்தான் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று யாருடைய கையும் பெட்டியில் படக்கூடாது என்று சட்டம்.

இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முன்பெல்லாம் அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் குத்துமதிப்பாக முப்பது மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பத்தில் வலி போய்விடும். மிச்சம் இருபது குளிர்பதனப் பெட்டியின் முட்டைத் தட்டிலோ பீரோவில் சேலைக்கு அடியிலோ கிடக்கும். எதையும் தூக்கிப் போட மனம் வராத சனம் நாம். அந்த மிச்சத்தை யார் யாரோ தின்றார்கள். அறுவைக்கு ஆகும் செலவைவிட, அப்புறம் மாத்திரையிலிருந்து ஆளை மீட்கும் செலவு அதிகம் என்று ஆனபோதுதான் அரசுக்கு உறைத்தது. மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்கும் நலக்காப்புத் திட்டம், ஊர் ஊராக நோமானியைக் கொண்டுவந்தது.

கார்வேந்தனின் மனைவி சிந்துஜாவுக்கு இந்தக் கதையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய பிரசவத்தில் வயிற்றைக் கிழித்தபோது கொடுத்த மாத்திரையில் பன்னிரண்டு மிஞ்சியது. பத்திரமாக எடுத்து வைத்தாள். பல்வலி என்று வந்த தம்பி நிதினுக்கு அவளே எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பன்னிரண்டில் தொடங்கியது, ஆறு வருடம் கழித்துச் சுடுகாட்டில் முடிந்தபோது அவனுக்கு வயது இருபத்தேழு. அதனால் கணவனுக்கு அறுவை என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஆஸ்பத்திரியில நோமானி இருக்குதுங்களா?" என்பதுதான்.

இருந்தது. அதைக் கவனிக்க நஸ்ரின் என்றொரு வலிமருத்துவரும் இருந்தார். கோயமுத்தூரில் பதினோரு ஆண்டுகளாக நோமானியோடு வேலை செய்கிறவர். "கருவி தேவைக்கு மேல ஒரு துளி தராதுங்க. தேவைக்குக் கீழயும் ஒரு துளி கொறைக்காது. நீங்க நிம்மதியா இருங்க" என்றார். சிந்துஜா நிம்மதியாக இருந்தாள், இரண்டு நாள்.

மூன்றாம் நாள்தான் அவள் அதைக் கவனித்தாள். காலை ஏழு மணிக்குக் கஞ்சியோடு உள்ளே நுழையும்போது துளிப்பெட்டி டிக் டிக் என்று வேலை செய்துகொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் சத்தம் நின்றது. ஒன்பது மணிக்கு அவள் கிளம்பியதும், வராந்தாவைத் தாண்டுவதற்குள் மறுபடி டிக். மாலை ஐந்திலிருந்து எட்டு வரையிலும் அப்படியே.

"ஆமாங்க்கா, நீங்க வந்தா எண்ணு எறங்கிருது. போனா ஏறிக்குது" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னது பாராட்டு. சிந்துஜாவின் காதில் அது பாராட்டாக விழவில்லை.

இருபத்துநான்கு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தன் புருஷனைத் தெரியாதா? கார்வேந்தன் மொட்டைமாடிச் சூரியத் தகடுகளைக் கழுவும் இயந்திரங்களுக்கு ரிப்பேர் வேலை பார்க்கிறவன். ஒருமுறை சுழலும் தூரிகையில் விரல் மாட்டிச் சதை பிய்ந்தபோது, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இடது கையால் சாப்பிட்டு முடித்து, மோர் வரைக்கும் குடித்துவிட்டு, அப்புறம்தான் "சித்தெ ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்று கேட்டான். அவள் பயந்துவிடுவாளாம். ஆகவே இப்போதும் அவளைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு வலியை உள்ளேயே அடக்குகிறான், கருவி அதை நம்பி மருந்தை நிறுத்திவிடுகிறது என்று அவள் முடிவு கட்டினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்து மணி நேரமும் அவன் மருந்தில்லாமல் வேகிறான்!

நோமானியை ஏமாற்ற முடியாது என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கையேடு எழுதியவன் கார்வேந்தனோடு குடித்தனம் நடத்தியவன் இல்லையே.

நான்காம் நாள் அவள் எப்போதும் போல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வார்டுக்குப் போகவில்லை. இரண்டாம் மாடிப் படி திரும்பும் இடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கஞ்சியைக் கேன்டீன் அம்மாளிடம் கொடுத்தனுப்பினாள். கணவனுக்குப் போன் போட்டு, "எனக்குச் சளி புடிச்சிருக்குதுங்க. உங்களுக்கு ஒட்டிக்கிட்டா இருமோணும், இருமுனா தையல் விட்டுப்போகும். நான் ரெண்டு நாள் வரலீங்க" என்றாள்.

"சரி, நீ பாத்து இரு" என்றான் அவன்.

நோயாளியின் எண்ணை வீட்டார் போனிலேயே பார்க்க ஆஸ்பத்திரி வசதி செய்து கொடுத்திருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தேழு. அறுபத்தொன்று. ஒவ்வொரு துளி இறங்கும்போதும் போன் சின்னதாக அதிர்ந்தது. 'அப்பாடா, இனியாச்சு மருந்து போகுதே' என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரின் அந்தப் பக்கம் முப்பதடி தூரத்தில் கணவன். எழுந்து ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போலிருக்கும். போனால் மருந்து நின்றுவிடுமே என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் போனில் கேட்டபோது, "அப்பாவுக்கு நல்லா மருந்து ஏறுது கண்ணு" என்று பெருமையாகச் சொன்னாள்.

கட்டிலில் கிடந்தவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சளி பிடித்த குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவள் குரல் சுத்தமாக இருந்தது. அப்படியானால் வேண்டுமென்றேதான் வரவில்லை. ஒற்றை ஆளாக இயந்திரத்தைத் தூக்காதே, தூக்காதே என்று பத்து வருடமாகச் சொன்னவள். கேட்காமல் தூக்கித்தான் முதுகு போயிற்று. அந்தக் கோபமாக இருக்கும் என்று நினைத்தான். கேட்டுவிடலாம் என்று போனை எடுப்பான். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? கீழே வைத்துவிடுவான். மேலே எண் ஏறிக்கொண்டிருந்தது. துளிப்பெட்டி தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

ஏழாம் நாள் காலை நஸ்ரின் சிந்துஜாவைத் தன் அறைக்கு வரச் சொன்னார். அங்கே கார்வேந்தனின் எண் ஏறி இறங்கிய கணக்கு, நடுங்கும் கோடாகத் திரை முழுக்க ஓடியது.

"நூத்தி எழுபத்தாறு துளி ஆயிருச்சுங்க. முதுகு அறுவைக்கு இந்நேரம் எண்பது தாண்டியிருக்கக் கூடாது" என்றார் நஸ்ரின். "இருநூறைத் தொட்டா, மருந்துக்கு அடிமையாயிட்டாருன்னு கருவியே எழுதிரும். அப்புறம் தெளிவகம்தான். நாப்பது நாள். பாக்க யாரையும் விடமாட்டாங்க."

தெளிவகம் என்றால் மருந்தை மறக்கடிக்கும் இடம். சிந்துஜாவின் தம்பி மூன்று முறை போய் வந்த இடம்.

"கருவிதானுங்களே அளந்து குடுக்குது? தேவைக்கு மேல தராதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"தேவை இருந்துச்சு, அதனால குடுத்துச்சு. காயம் நல்லா ஆறிட்டு வருது. அப்புறம் எதுக்கு வலி ஏறுதுன்னுதான் எனக்குப் புரியல." நஸ்ரின் கோட்டில் விரல் வைத்தார். "காலையில ஏழு மணிக்கு ஏறுது பாருங்க. மறுபடி சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நாலு நாளா இதே நேரம். ஏழு மணிக்கு என்னங்க ஆகுது?"

சிந்துஜா எல்லாவற்றையும் சொன்னாள். சளி இல்லாததை, படிக்கட்டு நாற்காலியை, அவன் பல்லைக் கடித்து அடக்குவதை.

"அடக்க முடியாதுங்க" என்றார் நஸ்ரின் மெதுவாக. "பல்லைக் கடிச்சாலும் சரி, சிரிச்சாலும் சரி, நோமானி நரம்பைத்தான் கேக்கும். நீங்க இருந்தா அவருக்கு நெசமாலுமே வலி கொறைஞ்சிருக்குது. ஏழு மணிக்குக் காயத்துல ஒண்ணும் ஆகலீங்க. ஏழு மணிக்கு நீங்க வருவீங்க. வரல."

"அப்ப நாலு நாளா…" சிந்துஜா அந்தக் கோட்டைப் பார்த்தாள். "நாலு நாளா நாந்தானுங்களா அவருக்கு வலியக் குடுத்துட்டு இருந்தேன்? படிக்கட்டுல உக்காந்து பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டனே டாக்டர்."

நஸ்ரின் அவள் கையைப் பிடித்து வார்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

கார்வேந்தன் அவளைப் பார்த்தான். "சளி போச்சா?" என்றான்.

"சளியே இல்லீங்க."

"தெரியும். கோவம் போச்சா?"

"என்ன கோவமுங்க?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். பாதியிலேயே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வெக்காதடி, திருகாணி கழண்டுக்கும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு முடியும்போது அவன் கண்ணோரம் ஈரமாக இருந்தது. "எனக்கு மருந்தெறங்கோணும்னு படிக்கட்டுல காவல் இருந்தியா? லூசு" என்று சொல்லிக்கொண்டே அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான். மத்தியானத்துக்குள் எண் முப்பத்தொன்றுக்கு வந்தது. அடுத்த இரண்டு நாளில் துளிப்பெட்டி ஆறே ஆறு முறைதான் டிக் என்றது.

இந்த இடத்தில்தான் நஸ்ரின் ஒரு காரியம் செய்தார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சந்தோஷத்தில் செய்தார். எண் திடீரென்று இறங்கினால் அதற்கான காரணத்தை எழுதி நலக்காப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. வழக்கமாக 'நரம்பு வீக்கம் தணிந்தது' என்று ஏதாவது எழுதுவார். அன்றைக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார்: 'மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.'

நலக்காப்பில் அதைப் படிப்பது மனிதர் அல்ல, கணிப்பொறி. அதற்கு மனைவி என்றால் என்னவென்று தெரியாது. எண்ணை இறக்குவது எதுவோ அது மருந்து. அவ்வளவுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்த மருந்து ஒருமுறைக்கு இருபத்தாறு புள்ளி இறக்குகிறது, செலவு பூஜ்யம். மறுநாள் காலை கார்வேந்தனின் மருந்துச் சீட்டு புதிதாக அச்சாகி வந்தது. துளிமருந்து அடித்து நீக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே: 'சிந்துஜா. தினம் ஐந்து மணி நேரம். காலை இரண்டு, மாலை மூன்று.'

"சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு போடலீங்களே" என்றாள் சிந்துஜா. வார்டே சிரித்தது. அந்தச் சீட்டைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். ஒரு வாரத்துக்குள் மற்றக் கட்டில்காரர்களும் தங்கள் ஆட்களை மருந்தாக எழுதித்தரச் சொல்லி நின்றார்கள். பதினொன்றாம் கட்டில்காரருக்கு மட்டும் மனைவி வந்தால் எண் ஏறியது. அவருக்கு மச்சினனை எழுதிக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியே கொண்டாடிக்கொண்டிருந்தபோது கணிப்பொறியிடமிருந்து அடுத்த தாள் வந்தது. நஸ்ரின் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வார்டுக்குத் தானே நேரில் போய்ச் சொன்னார்.

"பட்டியல்ல இருக்கற வலிமருந்து எதுவா இருந்தாலும், வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னால படிப்படியாக் கொறைச்சு நிறுத்தோணுங்க. நிறுத்துன பொறவு ஒரு நாள் முழுக்க எண்ணு முப்பதுக்குக் கீழ நிக்கோணும். அதுதான் விதி."

"அதான் துளிமருந்தை நிறுத்தியாச்சுங்களே?" என்றான் கார்வேந்தன்.

"அது இல்லீங்க." நஸ்ரின் சிந்துஜாவைப் பார்த்தார்.

சிந்துஜா சீட்டில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"நான் ஊட்டுக்குப் போறதே இவகூட இருக்கத்தானுங்க டாக்டர்" என்றான் கார்வேந்தன். "இவகூட இருக்கறதுக்கு, இவ இல்லாம இருந்து காட்டோணுங்களா?"

"நானும் அதையேதாங்க எழுதிக் கேட்டேன். விலக்கு இல்லைன்னு ஒரு நொடியில பதில் வந்துருச்சு. எண்ணு ஏறுச்சுன்னா, இவங்களுக்கு நீங்க அடிமைன்னு அர்த்தமாம். தெளிவகத்துக்கு அனுப்பச் சொல்லுது." நஸ்ரின் தாளை மடித்தார். "நான் அதை எழுதியே இருக்கக் கூடாதுங்க. மன்னிச்சுக்குங்க."

சிந்துஜாதான் முதலில் தேறினாள். தெளிவகம் என்ற சொல் அவளை எதற்கும் தயாராக்கிவிடும். "தினம் ஒரு மணி நேரமாக் கொறைச்சா அஞ்சு நாள்தானுங்களே? முடிச்சுக் காட்டிரலாமுங்க" என்றாள்.

முதல் நாள் ஐந்து மணி நேரம் நான்காயிற்று. பிறகு மூன்று. சிந்துஜாவின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். வார்டுக்குள் அவள் இருக்கும் நேரத்தை அது அளந்தது. நேரம் முடிந்ததும் பச்சை விளக்கு சிவப்பாகும். பேச்சு எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலேயே எழுந்து போவாள், மறுநாள் வந்து அங்கிருந்தே தொடங்குவாள். நேரம் குறையக் குறையப் பேச்சும் குறைந்தது. ஒரு மணி நேரம் மட்டுமே தரப்பட்ட நாளில் இருவரும் ஏறக்குறைய எதுவுமே பேசவில்லை. அவள் அவன் கால் நகங்களை வெட்டிவிட்டாள். குனிய முடியாமல் மூன்று வாரமாக வளர்ந்து கிடந்தன. சுண்டுவிரலை வெட்டும்போது விளக்கு சிவப்பாயிற்று. "மிச்சத்தை ஊட்டுக்கு வந்து வெட்டிக்கலாமுங்க" என்று நகவெட்டியை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

கடைசி நாள் அவள் வரவே கூடாது, போனும் கூடாது. கார்வேந்தன் காலையில் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தான். பதினொன்றாம் கட்டில்காரரின் மச்சினனோடு தாயம் விளையாடினான். மத்தியானம் தூங்கினான். நஸ்ரின் தன் அறையில் நகத்தைக் கடித்துக்கொண்டு கோட்டைப் பார்த்தபடி இருந்தார். பதினான்கு. பதினொன்று. மாலை ஐந்து மணி, அவள் வழக்கமாக வரும் நேரம் வந்தது. நஸ்ரின் திரைக்குக் கிட்டே குனிந்தார். ஒன்பது. மறுநாள் காலை ஏழு மணிக்கு எண் ஆறு. சட்டப்படி கார்வேந்தன் குணமாகிவிட்டான்.

பத்து மணிக்குக் கணவனின் வேட்டி சட்டையோடு சிந்துஜா வந்தாள். நஸ்ரின் வாசலிலேயே எதிர்கொண்டு, "பாஸாயிட்டாருங்க! வெறும் ஆறு! இவ்வளவு கம்மியா நான் பாத்ததே இல்ல" என்றார்.

"சந்தோசமுங்க டாக்டர்" என்றாள் சிந்துஜா.

கணவனுக்குச் சட்டையை மாட்டிவிட்டாள். இரண்டாவது பொத்தானைப் போடும்போது அவள் விரல்கள் நழுவின. மறுபடி முயன்றாள், மறுபடி நழுவியது. அப்படியே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தாள். நர்ஸ் ஓடிவந்து தூக்கிப் பக்கத்துக் காலிக் கட்டிலில் படுக்க வைத்தாள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. நஸ்ரின் ஏதோ தோன்றி ஒரு வில்லையை எடுத்து அவள் காதுக்குப் பின்னால் ஒட்டினார்.

திரையில் எழுபத்திரண்டு வந்தது.

அவள் உடம்பில் எங்கும் காயம் இல்லை, தையல் இல்லை. நஸ்ரின் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மருந்தை நிறுத்தினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று பதினோரு ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். மருந்துக்கு என்ன ஆகும் என்று அவரும் யோசிக்கவில்லை, யாரும் யோசிக்கவில்லை. ஐந்து, நான்கு, மூன்று என்று இறக்கும்போது அவன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. அந்தக் கட்டிலோரத் துளிப்பெட்டி எண்ணைப் பார்த்துவிட்டது. புது நோயாளி, உடனே மருந்து தொடங்கவும் என்று அதன் முகப்பில் எழுத்து ஓடியது.

"ஆறுங்களா?" என்றாள் சிந்துஜா. அவள் டாக்டரைக் கேட்கவில்லை, கணவனைக் கேட்டாள். "நாள் முழுக்க நான் இல்லாம வெறும் ஆறுதானுங்களா? எனக்கு நேத்து ஒரு வாய் சோறு எறங்கல. ஏழு மணிக்குக் கஞ்சி காச்சிப்போட்டு, எங்க கொண்டு போறதுன்னு தெரியாம அடுப்பு முன்னாலயே நின்னுட்டிருந்தனுங்க." சொல்லிவிட்டு வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாஸாகோணும்னு வேண்டிக்கிட்டவளும் நாந்தான். இப்ப அழுகறவளும் நாந்தான். எனக்கென்னமோ கிறுக்குப் புடிச்சிருச்சு."

கார்வேந்தன் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, வளையாத முதுகோடு, நிதானமாக அவள் கட்டிலில் உட்கார்ந்தான். உட்கார அவனுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

"இங்க பாரு சிந்து. அந்த நாலு நாளு நீ ஏன் வரலேன்னு எனக்குத் தெரியல. இனி வருவியா மாட்டியான்னும் தெரியல. அதான் அந்த வலி வலிச்சுது. நேத்து அப்படியா? இன்னைக்குப் பத்து மணிக்கு என்ற சட்டையத் தூக்கிட்டு நீ வந்து நிப்பீன்னு எனக்குத் தெரியுமில்ல? வருவான்னு தெரிஞ்சவளுக்காக எதுக்கு வலிக்கோணும்? நேத்து முழுக்க நீ என்கூடத்தான் இருந்த. நீ இல்லாத ஆறு இல்லடி அது. நீ இருந்த ஆறு."

சிந்துஜா முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

எண் அறுபதாயிற்று. நாற்பத்தேழு. முப்பத்தைந்து. பத்தொன்பதில் வந்து நின்றது. துளி இறக்கத் தயாராக இருந்த பெட்டி, 'எண் திடீரென இறங்கியுள்ளது. காரணத்தைப் பதிவு செய்யவும்' என்று நஸ்ரினிடம் கேட்டது.

நஸ்ரின் காரணத்தைத் தட்டச்சு செய்ய விரல்களை வைத்தார். காரணம் அவர் கண்முன்னால் உட்கார்ந்து, மிச்சப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டிருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்கு இப்போது தெரியும். அடுத்த வாரமே கார்வேந்தனின் அந்த ஐந்தாறு வாக்கியமும் மருந்துப் பட்டியலில் ஏறும். எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாக் கட்டிலுக்கும் நர்சுகள் தினம் மூன்று வேளை அதை ஒப்பிப்பார்கள். பிறகு இரண்டு வேளை, ஒரு வேளை. கடைசியில், யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையே இல்லாமல் ஒரு நாள் முழுக்க வலிக்காமல் இருந்து காட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று சட்டம் வரும்.

'காரணம் தெரியவில்லை' என்று எழுதினார்.

காரணம் இல்லாமல் ஏறி, காரணம் இல்லாமல் இறங்கிய எண்ணைக் கணிப்பொறி ஒரு நொடி பரிசீலித்தது. எழுபத்திரண்டு என்பது அளவீட்டுப் பிழை, அப்படி ஒரு வலி இருந்ததே இல்லை என்று முடிவு செய்து பதிவை அழித்தது. பிறகு பெட்டியைப் பூட்டிக்கொண்டு, இருவரையும் வீட்டுக்குப் போகச் சொன்னது.